தேரிமணலில் ஒரு கரைமடி

வேன் சாவியை முகம்மது ஹனீபா மருமகள் கையில் கொடுக்கவில்லை. சாப்பாட்டு மேசைமேல், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். கையில் கொடுத்தால் முழுச் சம்மதம் என்று ஆகிவிடுமாம்.

“ஒரு தடவதான்,” என்றார். “காலைல போயி அந்திக்குள்ள வந்துரணும். வண்டி நின்னு போச்சு, இடிச்சுப் போட்டேன்னு எனக்கு ஒரு போன் வந்துது, அதோட சாவி ஜாஸிம் கைக்குப் போயிரும். அப்புறம் அழப்பிடாது, கேட்டியா?”

“செரி மாமா. போன் வராது,” என்றாள் ஷாஹினாஸ்.

ஜாஸிம் அவருடைய தங்கை மகன். ஆறு மாதமாக அந்த வேனைச் சுற்றிச் சுற்றி வருகிறான். ஷாஹினாஸுக்கு முப்பத்துநாலு வயது, கணவன் ஷமீர் மஸ்கட்டில். மாமனார் இருபத்திரண்டு வருடம் ஓட்டிய பன்னிரண்டு சீட் வேன் அது. கண்ணும் முழங்கால் முட்டும் ஒத்துவராமல் அவர் சின்னக் காருக்கு மாறிய பிறகு, கோட்டாறு வீட்டு முற்றத்தில் மூன்று வருடமாகச் சும்மா நின்றது. அதன் அடியில் பூனை இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது.

ஷமீர் லீவுக்கு வந்தபோதெல்லாம் அவளை விடிகாலையில் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அலை வந்து நனைத்துவிட்டுப் போன மணலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். “வழுவழுன்னு கெடக்குல்லா, அதுலயே போ. மேட்டுல அடம்பங்கொடி படர்ந்து குமிஞ்சு கெடக்க மணல்ல மட்டும் ஏத்தாத. வாப்பா எனக்குச் சொல்லித் தந்தது,” என்பான். அவள் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் எடுத்தாள், அதற்கு மேல் வாடகை வண்டி ஓட்டும் பேட்ஜும் எடுத்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். நகை வேண்டாம், மாடி வீடு வேண்டாம், இந்த வேனை ஓட்டிப் பிழைத்தால் போதும் என்றிருந்தது.

‘பெண்கள் மட்டும், ஒரு நாள் பயணம்’ என்று அவள் வாட்ஸப்பில் போட்ட இரண்டாம் நாளே சீட் நிறைந்தது. திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், வட்டக்கோட்டை என்று பார்த்ததையே பார்த்து எல்லாருக்கும் சலித்துப் போயிருந்தது. ஷாஹினாஸ் கண்டுபிடித்த இடம் வேறு. ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைக் காற்றாடிகளெல்லாம் முடிந்து, கிழக்கே போனால் தேரிக்காடு வரும். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல். அதன் நடுவில் வெள்ளாங்கல் காலனி. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் நடந்த இடம். முந்நூறு வீடு, தபாலாபீஸ், பள்ளிக்கூடம், படம் காட்டும் கொட்டகை எல்லாம் இருந்ததாம். கல் தீர்ந்தது, கம்பெனி போனது, ஆட்களும் போனார்கள். மணல் மட்டும் போகாமல் உள்ளே வந்து குடியேறிவிட்டது.

பயணத்தில் கடைசியாகச் சேர்ந்தவள் மாமியார் சுலைகா பீவி. மருமகளுக்குக் காவலாக வருகிறாளா, ஊர் பார்க்க வருகிறாளா என்று கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டுவாள். குளச்சலில் இருந்து குளோரி வந்தாள். மீன் விற்பவள், உரத்த குரல், அதைவிட உரத்த கை. வண்டிமேல் பெரிய சாப்பாட்டுச் செம்பைக் கட்ட ஷாஹினாஸ் கொண்டுவந்த கயிற்றைப் பார்த்து, “இது என்ன, பாவாடை நாடாவா?” என்று தூக்கி எறிந்துவிட்டு, வள்ளத்துக் கயிறு ஒரு சுருளைக் கொண்டுவந்து கட்டினவள் அவள்தான். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து அன்னக்கிளி வந்தாள். வயலும் பனையும் வைத்திருப்பவள், எதைப் பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிக்காமல் விடமாட்டாள். மற்ற ஏழு பேரும் கோட்டாற்றுத் தெருக்காரிகள்.

பத்தரை மணிக்குக் காலனிக்குள் நுழைந்தார்கள். பழைய சுரங்கப் பாதை தபாலாபீஸோடு மணலுக்குள் மறைந்துபோனது. ஷாஹினாஸ் அங்கேயே நிறுத்தினாள். பதினோரு பெண்களும் இறங்கி, கையைக் கண்ணுக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“யம்மா,” என்றாள் குளோரி. “கடல் இல்லாத கடப்புறம்லா இது.”

அப்படித்தான் இருந்தது. வீடுகளின் தெற்குச் சுவர்களில் ஜன்னல் வரை மணல் ஏறியிருந்தது. தபாலாபீஸ் சுவரில் கடிதம் போடும் துவாரம் இப்போது முழங்கால் உயரத்தில் இருந்தது. கொட்டகையில் ‘பெண்கள்’ என்று எழுதிய டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே ஓர் உடைமரம் வளர்ந்து, வெளியே கிளை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கம் மணல் கூரை வரை ஏறியிருந்ததால் படி இல்லாமலே கூரைமேல் நடந்து போகலாம். சுரங்கத்துக் குழியின் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். அடியில் பச்சைத் தண்ணீர், அதற்குள் முங்கிப்போகிற இரண்டு தண்டவாளம். பக்கத்துச் சுவரில் ‘கவனம்! உங்கள் குடும்பம் காத்திருக்கிறது’ என்று பெரிய எழுத்து. அந்தக் குடும்பமும் காத்திருக்காமல் கிளம்பிப் போய்விட்டது.

அன்னக்கிளி வீடு வீடாக அடுக்களையைச் சோதித்தாள். “எந்த மடையன் கட்டுனான்? அடுப்புக்கு நேரா ஜன்னல் வச்சிருக்கான். காத்தடிச்சா தீ நிக்குமா பிள்ளே? சும்மாவா ஓடிப் போனாளுவ?”

மதியத்துக்கு ஓரளவு நல்லபடியாக இருந்த ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். தபாலாபீஸுக்கு எதிரே, மணல்வெளிக்கு அந்தப் பக்கம், கல் பாவிய முற்றத்தோடு. சுலைகா பீவி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே பார்த்து ஸலாம் சொல்லிவிட்டுத்தான் காலை வைத்தாள். ஆளில்லாத வீடானாலும் சொல்ல வேண்டும் என்பது அவள் பழக்கம். ஒரு மூலையைத் துப்பட்டாவால் தட்டிவிட்டு மதியத்து லுஹர் தொழுதாள். பிறகு அரிசிப் பத்திரியும் இறைச்சியும், அன்னக்கிளி அவித்துக் கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கும், குளோரியின் நெத்திலிக் கறியும் வட்டமாக வைத்துச் சாப்பிட்டார்கள். நாற்பது வருடம் பட்டினி கிடந்த வீடு அன்று மணத்தது.

சாப்பிட்டு முடித்ததும் சுலைகா பீவிக்கு முட்டு பிடித்துக்கொண்டது. திரும்பவும் அந்த வெயிலில் மணலில் நடக்க முடியாது என்றாள்.

“நீங்க இங்கயே இருங்க மாமி. நான் வேன வாசலுக்கே கொண்டாறேன்,” என்றாள் ஷாஹினாஸ்.

தபாலாபீஸில் இருந்து வீட்டுக்கு வர இரண்டு வழி இருந்தது. ஒன்று, பழைய கரண்டுக் கம்பங்களை ஒட்டி வளைந்து வருவது. மேடும் பள்ளமும், உடைமுள்ளும், காய்ந்த புல்லுமாகக் கிடந்தது. இன்னொன்று நேர்வழி. பாயை விரித்த மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல், வழுவழுவென்று நூறு மீட்டர். ஷாஹினாஸ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கியரைப் போட்டு நேர்வழியில் விட்டாள்.

கடற்கரைக்காரர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கடற்கரையில் வழுவழு மணல் என்றால் தண்ணீர் இறுக்கிய மணல், லாரியே தாங்கும். தேரியில் வழுவழு மணல் என்றால் நேற்று ராத்திரி காற்று கொண்டுவந்து கொட்டியது. முள்ளும் புல்லும் முளைத்த இடத்தில்தான் கீழே தரை இருக்கிறது.

வேகத்தில் முக்கால்வாசி தாண்டிவிட்டாள். வாசலுக்கு முப்பது அடி இருக்கும்போது பிரேக்கைத் தொட்டாள். அவ்வளவுதான். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாள், பின்சக்கரம் சிவப்பு மணலை வாரி இறைத்துக்கொண்டு இன்னும் ஒரு சாண் உள்ளே போனது.

அவள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். பாதிச் சக்கரத்தைக் காணவில்லை. சாவி ஜாஸிம் விரலில் சுழல்வதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயத்தோடு சேர்ந்து ஒரு பிடிவாதமும் வந்தது.

“யாரும் யாருக்கும் போன் போடப்பிடாது,” என்றாள், ஓடி வந்த பெண்களிடம். “நம்ம வண்டி, நம்மளே எடுப்போம்.”

“பின்ன?” என்றாள் குளோரி. வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பிறகு மேலே ஏறிச் செம்புக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். “கரமடி இழுத்திருக்கியளாட்டி எவளாவது?”

ஒருத்தியும் இழுத்ததில்லை. கடலில் அரை வட்டமாக வலையை வளைத்துவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் ஆள் நின்று இரண்டு கயிற்றையும் சேர்த்து இழுப்பதுதான் கரைமடி. எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். மீன் வாங்கப் போகும்போது நின்று வேடிக்கையும் பார்த்திருக்கிறார்கள்.

“பாத்திருக்கியள்லா, அது போரும்,” என்றாள் குளோரி. கயிற்றின் நடுவை வண்டியின் முன்கொக்கியில் மாட்டி, இரண்டு முனையையும் முற்றத்தின் இரண்டு மூலைக்குக் கொண்டுபோனாள். “நேர முன்னால நிக்கப்பிடாது. வண்டி மேல ஏறிரும். அந்தப் பக்கம் அஞ்சு, இந்தப் பக்கம் அஞ்சு. கையால இழுக்காத, கயித்த இடுப்புல போட்டுப் பின்னால நட. வெட்டி இழுத்தா அறுந்துரும். பைய, சேந்தாப்புல.”

அன்னக்கிளி ஏற்கெனவே வீட்டோரம் நின்ற பனைமரத்தடிக்குப் போயிருந்தாள். காய்ந்து விழுந்த ஓலைகளை இழுத்து வந்து, கருக்கு மட்டையை மிதித்து ஒடித்துவிட்டு, ஓலையை மட்டும் சக்கரத்துக்கு முன்னால் செருகினாள். ஷாஹினாஸுக்கு ஷமீர் ஒரு தடவை போனில் சொன்னது நினைவு வந்தது. அங்கே பாலைவனத்துக்குப் போகிறவர்கள் முதலில் டயர் காற்றைக் குறைப்பார்களாம். சப்பையான டயர் மணலில் முங்காதாம். அவள் ஷாலில் குத்தியிருந்த ஊசியை உருவி, மணலைக் கையால் வாரி ஒதுக்கி, நான்கு டயரின் காற்று வால்விலும் குத்திக் காற்றைப் பாதியாக்கினாள். திரும்ப அடித்துக்கொள்ள ஷமீர் அனுப்பிய சின்னப் பம்பு டிக்கியில் இருந்தது.

முதல் தடவை இழுத்தபோது ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தார்கள். நான்கு பேர் சிரித்துக்கொண்டே விழுந்தார்கள். வண்டி அசையவில்லை. இரண்டாம் தடவை குளோரி, “சிரிக்கவளுக்கு நாளைக்கு மீன் கெடையாது!” என்று கத்தினாள். மூன்றாம் தடவை அவள் குரல் கொடுத்தாள், கரையில் கொடுக்கிற அதே நீட்டுக் குரல். மற்றவர்கள் பதில் குரல் கொடுக்க, பத்துப் பேரும் பின்னால் சாய்ந்தார்கள். ஷாஹினாஸ் கிளட்சை மயிலிறகைத் தொடுகிற மாதிரி விட்டாள். ஓலை சடசடத்தது. வண்டி ஒரு அடி வந்தது. இன்னொரு குரல், இன்னொரு அடி. நாலாவது குரலில் முன்சக்கரம் கல் முற்றத்தைத் தொட்டதும், மீதியைத் தானே ஏறி வந்து வாசலில் நின்றது.

பெண்கள் போட்ட கூச்சலில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்துவிட்டன. ஷாஹினாஸ் இறங்கி வந்து குளோரியைக் கட்டிப்பிடித்தாள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷம் வந்ததா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்போதுதான் மாமியை நினைத்தாள். முட்டு வலிக்காரி வீட்டுக்குள் இருந்தால் இழுத்தவர்களில் ஒருத்தி குறைந்திருக்க வேண்டும். ஆனால் பத்துப் பேரும் இருந்தார்கள், இந்தப் பக்கத்துக் கடைசியில் சுலைகா பீவியும் இருந்தாள், முட்டு வலியோடு, இடுப்பில் கயிற்றோடு. முகம் மட்டும் வெளிறிக் கிடந்தது.

“மக்ளே,” என்றாள். “நீ ஏசினாலும் செரி. வண்டி முங்கினதும் நான் பதறிப் போயி, அந்தக் கொட்டகைக் கூரைல ஏறி ஒங்க மாமாவுக்குப் போன் போட்டுட்டேன். அங்கதான் டவர் கெடச்சுது. எனக்கு இப்பிடி எடுப்பியன்னு தெரியுமா?”

ஷாஹினாஸுக்கு நெஞ்சு எரிந்தது. முட்டு வலிக்கிறது என்று நடக்க மாட்டேன் என்றவள், போன் போடக் கூரையில் ஏறியிருக்கிறாள். நல்லா நாலு வார்த்தை கேட்க நாக்குத் துடித்தது. ஆனால் அந்த இடுப்பில் கயிறு பதிந்த தடத்தைப் பார்த்தாள். பதறிப் போன் போட்டவளும் அவள்தான், திரும்பி வந்து கூட நின்று இழுத்தவளும் அவள்தான்.

“எப்ப போட்டிய?”

“ஒரு மணிக்கூருக்கு மேல ஆச்சு.”

“அப்ப மாமா வந்திருவாவ,” என்றாள் ஷாஹினாஸ். கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. பிறகு கம்பங்களை ஒட்டிய முள்வழியில் இறங்கி, காலால் ஓங்கி மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டே தபாலாபீஸ் வரை நடந்தாள். கால் முங்கவே இல்லை. கீழே பழைய ரோடு அப்படியே இருந்தது. அதில் வேனை ஒரு தடவை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். இரண்டு சக்கரத் தடமும் நூல் பிடித்த மாதிரி தெளிவாக விழுந்தது. சாவி போனாலும் போகட்டும், வண்டியை முழுசாக, ஓடுகிற வண்டியாகத்தான் கொடுப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

செம்பைக் கட்டி முடிப்பதற்குள் தபாலாபீஸ் பக்கம் ஹாரன் கேட்டது. வெள்ளைக் கார். ஓட்டுவது ஹனீபா, பக்கத்தில் ஜாஸிம். ஷாஹினாஸ் முற்றத்து ஓரத்துக்கு ஓடிப்போய் இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசினாள். வராதீங்க, சுத்தி வாங்க என்றுதான் வீசினாள். காப்பாத்துங்க என்று கூப்பிடுவதாக அவர் எடுத்துக்கொண்டார். முள்வழியையும் பார்த்தார், வழுவழு வழியையும் பார்த்தார். நாற்பது வருட அனுபவம் பேசியது. காரை நேராக விட்டார்.

“மாமா! அதுல வேண்டாம்!”

காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை, குரல் போய்ச் சேரவில்லை. கார் நல்ல வேகத்தில் வந்து, வேன் தோண்டி வைத்த அதே பள்ளத்தில், அதே பெருமூச்சோடு உட்கார்ந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதில் அன்னக்கிளி முந்தானையையே கடித்துவிட்டாள். ஹனீபா கதவைத் திறக்கப் பார்த்தார், மணல் தடுத்தது. கண்ணாடியை இறக்கி வெளியே தலையை நீட்டினார். எதிரே அவருடைய வேன், கல் முற்றத்தில், சுத்தமாக நின்றுகொண்டிருந்தது.

“வண்டி முங்கிட்டுன்னு சொன்ன?” என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

“முங்கிச்சு. ஒங்க மருமவ எடுத்துட்டா,” என்றாள் சுலைகா பீவி. பிறகு போனைத் தூக்கிக் காட்டினாள். “இப்ப இதுக்கு நான் யாருக்குப் போன் போட? சொல்லுங்க.”

அதற்குப் பிறகு சிரிப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை.

யாரும் சொல்லாமலேயே குளோரி கயிற்றை அவிழ்த்தாள். ஜாஸிமை ஜன்னல் வழியாக வெளியே வரவைத்து அந்தப் பக்கக் கயிற்றின் கடைசியில் நிறுத்தினாள். “இடுப்புல போடுலே. கையால இழுக்காத,” என்றாள். ஷாஹினாஸ் முழங்காலிட்டு டயர் காற்றைக் குறைத்தாள், ஓலையைச் செருகினாள். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் வந்தாள். மாமனார் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

“ஸ்டீயரிங்க நேரா பிடிச்சுக்கிடுங்க மாமா. குரல் வரும்போ மட்டும் லேசா குடுங்க. வெப்ராளப்பட்டு, அவசரமா மிதிச்சா உள்ள போயிரும்.”

ஹனீபா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். தலையை ஆட்டினார். குளோரி குரல் கொடுத்தாள். சின்ன வண்டி, இரண்டே குரலில் மேலே வந்துவிட்டது.

டயர்களுக்குப் பம்பு வைத்து ஓரளவு காற்று அடித்தாயிற்று. மிச்சத்தை மெயின் ரோட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் ஷாஹினாஸ். பெண்கள் வேனில் ஏறினார்கள். நேரம் நாலரை. ஷாஹினாஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். போன் வந்துவிட்டது. பேச்சு பேச்சுதான். அவள் போய் மாமனார் முன்னால் கையை நீட்டினாள், உள்ளங்கையில் சாவி.

ஜாஸிம் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வந்தான். “மாமா, அப்ப வேன நான் எடுக்கட்டா?”

ஹனீபா சாவியைப் பார்த்தார். வழுவழு மணலில் தன் கார் விழுந்த பள்ளத்தைப் பார்த்தார். கம்பங்களை ஒட்டி, முள்ளுக்கு நடுவே போகிற வேன் தடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தில் ஒட்டியிருந்த சிவப்பு மணலைத் துடைத்தார்.

“நீ கார எடு,” என்றார் ஜாஸிமிடம். “எனக்குக் கண்ணு செரியாத் தெரியல. அவ முன்னால போவா. அவ டயர் போன தடத்துல ஏத்தி வை. ஒரு விரக்கட அங்கிட்டு இங்கிட்டு வெலகுன, அடி வாங்குவ.”

பிறகு, நீட்டிய கையை மருமகளின் விரல்களாலேயே மூடிவிட்டார். சாவி உள்ளே இருந்தது.

ஷாஹினாஸ் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். கண் கலங்கியிருந்ததால் முதல் கம்பம் வரை கொஞ்சம் மெதுவாகத்தான் போனாள். தபாலாபீஸ் பக்கம் திரும்பும்போது பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். வெள்ளைக் கார் அவள் போட்ட தடத்திலேயே, பைய வந்துகொண்டிருந்தது.